கடலுக்குப் போகும் படகுக்கு முதலில் எதை வாங்குவது?

அன்புள்ள கண்ணு,

பாய்ப்படகில் நெடும்பயணம் போக நீ எழுதியனுப்பிய சாமான் பட்டியல் கிடைத்தது. பாலசமுத்திரத்தில், பாலாறு-பொருந்தலாறு அணைத் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவள் இவ்வளவு விவரம் திரட்டியதில் எனக்குப் பெருமை. ஆனால் வரிசை மாற வேண்டும். வரைபடம் காட்டும் பெரிய திரையும் ஃபிரிட்ஜும் முதலில் இருக்கின்றன. நங்கூரம் கடைசியில் இருக்கிறது. பணம் பாதிப் பட்டியலிலேயே தீர்ந்துவிடும். அதனால் உயிரைக் காப்பது முதலில், படகைக் காப்பது அடுத்து, வசதி கடைசியில்.

லைஃப் ஜாக்கெட்டோடு, உடம்பைப் படகில் பிணைக்கும் ஹார்னஸும் வாங்கு. இருட்டில் கடலில் விழுந்தவரைத் திரும்பக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். விழாமல் இருப்பதே பாதுகாப்பு. அடுத்தது எபிர்ப் என்ற அபாயக் கருவி. 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது அனுப்பும் அழைப்பைச் செயற்கைக்கோள்கள் வாங்கி மீட்புப் படையிடம் சேர்க்கும். வாங்கியதும் படகின் பெயரில் பதிவு செய்துவிடு. 2018 செப்டம்பரில், தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பாய்ப்படகுப் பந்தயத்தின்போது தென் இந்தியப் பெருங்கடல் புயலில் நம் கடற்படை மாலுமி அபிலாஷ் டோமியின் படகில் பாய்மரம் முறிந்தது, அவர் முதுகும் அடிபட்டது. அவர் இருக்குமிடம் வெளியே தெரிந்ததால்தான் ஒசிரிஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் வந்து மீட்க முடிந்தது.

நங்கூரத்தில் சிக்கனம் பார்க்காதே. அது எடையால் மட்டும் பிடிப்பதில்லை. இழுப்பு தரையோடு படிந்து வரும்போதுதான் மண்ணில் ஆழப் புதையும். அதற்காகத்தான் முதலில் கனமான சங்கிலி, பிறகு கயிறு. கயிறு சேர்த்தால் ஆழத்தைப் போல் ஏழு மடங்கு நீளம் விடு. ஆழத்தோடு படகு முனையின் உயரத்தையும் கூட்டிக்கொள். இந்தக் கயிறு நைலானாக இருக்கட்டும். அது நீண்டு கொடுத்து அலையின் வெட்டிழுப்பைத் தாங்கும். பாய் ஏற்றும் கயிறு நீளக் கூடாது, அதற்குப் பாலியஸ்டர்.

சுக்கானுக்கு மாற்று ஏற்பாடு வேண்டும். 2018இல் உலகைச் சுற்றி முடித்த நம் கடற்படைப் பெண்களின் தாரிணி என்ற பாய்ப்படகு, சுக்கான் கருவி பழுதாகி, திட்டத்தில் இல்லாத மொரீஷியசில் நிற்க நேர்ந்தது. மின்சாரத்தை நம்பும் ஒவ்வொன்றுக்கும் கையால் இயங்கும் துணை வை: ஜிபிஎஸ்ஸுக்குக் காகித வரைபடமும் திசைகாட்டியும், மின் பம்புக்குக் கைப்பம்பும் வாளியும்.

நங்கூரமும் கப்பியும் உறுதியாக இருந்தால் பழையதாகவும் வாங்கலாம். ஆனால் அபாயத்தில் கொளுத்தும் தீச்சுடர் சிக்னல்களைக் காலாவதித் தேதி பார்த்துப் புதிதாக வாங்கு. உயிர்காப்புத் தெப்பத்தைக் குறித்த காலத்தில் சோதனைக்கு அனுப்பு.

நம் கடற்படை அதிகாரிகளான புதுச்சேரி ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டுத் தில்னாவும் அதே தாரிணியில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் கிளம்பி, உலகைச் சுற்றி, 2025 மே 29 அன்று திரும்பினார்கள். அதற்கு முன்பே அதில் மொரீஷியஸ் வரை போய்வந்து பழகியிருந்தார்கள். நீயும் முதலில் கரையோரமாகச் சிறு பயணங்கள் போ. வசதிச் சாமான்களில் எது வேண்டும், எது வேண்டாம் என்பது அப்போதுதான் தெரியும்.

வாங்கும் ஒவ்வொன்றையும் கழற்றி மாட்டக் கற்றுக்கொள். நடுக்கடலில் மெக்கானிக் கிடையாது. பட்டியலைத் திருத்தி எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் சித்தப்பா