வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் கிளையில் சேரலாமா? – விண்ணப்பிக்கும் முன் ஒரு பாடம்

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை



ஆறாம் செமஸ்டர் வந்துவிட்டால் நம் கேன்டீனில் பேச்சே மாறிவிடும். லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சேர்வதா, அப்ரென்டிஸ் போவதா, கிடைத்த கம்பெனியில் ஒட்டிக்கொள்வதா என்று ஆளுக்கொரு கணக்குப் போடுவோம். இப்போது நான்காவதாக ஒரு பேச்சும் சேர்ந்திருக்கிறது: "மலேசியாவுல உக்காந்துக்கிட்டே ஆஸ்திரேலியா டிகிரி வாங்கலாமாம்!" இதைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள். சிலர் அந்த நோட்டீஸை மடித்துப் பையில் வைத்துக்கொள்வார்கள். இந்தக் கட்டுரை நோட்டீஸை மடித்து வைத்தவர்களுக்காக.

கிளை வளாகம் என்றால் என்ன?

ஒரு நாட்டின் பல்கலைக்கழகம் இன்னொரு நாட்டில் வளாகம் அமைத்து, அங்கேயே பாடம் நடத்தி, தன் பெயரிலேயே பட்டம் கொடுத்தால் அது கிளை வளாகம். இது ஒன்றும் ஏமாற்று வேலை அல்ல. நம் சென்னை ஐ.ஐ.டி.யே 2023-இல் தான்சானியா நாட்டைச் சேர்ந்த சான்சிபாரில் கிளை தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் டீக்கின், வொல்லங்காங் பல்கலைக்கழகங்கள் 2024-இல் குஜராத்தின் கிஃப்ட் சிட்டிக்கே வந்துவிட்டன.

இந்த விஷயத்தில் மலேசியா முன்னோடி. 1996-இல் தனியார் உயர்கல்வி நிறுவனங்களுக்கென்று அங்கே ஒரு சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே ஆசிய நாணய நெருக்கடியில் ரிங்கிட்டின் மதிப்பு சரிந்தது. பிள்ளைகளை லண்டனுக்கும் மெல்போர்னுக்கும் அனுப்பிய குடும்பங்கள் பணம் கட்ட முடியாமல் திணறின. பிள்ளைகள் பல்கலைக்கழகத்தைத் தேடிப் போவதற்குப் பதில் பல்கலைக்கழகம் இங்கே வரட்டும் என்று கதவைத் திறந்தார்கள். 1998-இல் மோனாஷ் பல்கலைக்கழகம் சன்வே பகுதியில் முதல் கிளையைத் தொடங்கியது. 1999-இல் கர்ட்டின் சரவாக் மாநிலத்தின் மிரி நகருக்கு வந்தது. 2000-இல் பிரிட்டனின் நாட்டிங்காமும், கூச்சிங் நகரில் ஸ்வின்பர்னும் தொடங்கின. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் 2012-இல் ஜோகூரில் பொறியியல் வகுப்புகளை ஆரம்பித்தது.

சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான். தமிழ் பேசும் மக்கள் உண்டு, இட்லி தோசை கிடைக்கும். தாய்நாட்டு வளாகத்தைவிடக் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் குறைவு. ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை மனதில் வைக்க வேண்டும். பட்டம் ஒரு நாட்டுடையது, விசா இன்னொரு நாட்டுடையது, திரும்பி வந்து வேலை கேட்பது நம் நாட்டில். ஆக மூன்று பூட்டு. மூன்றும் திறந்தால்தான் கதவு திறக்கும்.

முதல் பூட்டு: பல்கலைக்கழகம்

நம்மில் பெரும்பாலோர் பத்தாவது முடித்து நேராக டிப்ளமோ வந்தவர்கள். ப்ளஸ் டூ மார்க் ஷீட் நம்மிடம் கிடையாது. வெளிநாட்டு விண்ணப்பத்தில் முதலில் கேட்பதே பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான். அந்த இடத்தில் என்ன எழுதுவது?

டிப்ளமோவை ஏற்கிறார்களா என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம், படிப்புக்குப் படிப்பு மாறும். முதல் ஆண்டில் சேர்ப்பார்களா, ஒரு வருடம் ஃபவுண்டேஷன் படிக்கச் சொல்வார்களா, நம் பாடங்களுக்குக் கிரெடிட் தந்து மேல் வகுப்பில் விடுவார்களா என்று மூன்று விதமான பதில் வரலாம். மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் டிப்ளமோவுக்குக் குறைந்தது 90 கிரெடிட், இளநிலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேரப் படிப்பு. அதனால் "நான் மூணு வருஷம் டிப்ளமோ முடிச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்தப் பாடம், எத்தனை மணி நேரம், எந்த லேப் என்று காட்ட வேண்டும். நம் ஸ்கீமின் சிலபஸ் புத்தகத்தை முழுசாகப் பத்திரப்படுத்தி வையுங்கள். அதுதான் நம் சாட்சி.

அட்மிஷன் அலுவலகத்துக்கு நேராக ஒரு ஈமெயில் எழுதி இந்த நான்கையும் கேளுங்கள்:

1. பத்தாவதும் மூன்றாண்டு டிப்ளமோவும் முடித்த எனக்கு இந்தப் படிப்பில் நேரடி அனுமதி உண்டா, ஃபவுண்டேஷன் தேவையா?
2. என் டிப்ளமோவுக்கு எத்தனை கிரெடிட் தள்ளுபடி? மொத்தம் எத்தனை செமஸ்டர் படிக்க வேண்டும்?
3. ஒவ்வொரு ஆண்டும் கட்டணம் எவ்வளவு? ஆண்டுதோறும் உயருமா?
4. என் பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும்?

நான்காவது கேள்வி அவசியம். சில இடங்களில் உள்ளூர்க் கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு, கடைசி வருடத்துக்கு வெளிநாடு போகும் ஏற்பாடாக இருக்கும். அது கிளை வளாகம் அல்ல. விதியும் செலவும் வேறு. வாய்ப்பேச்சு நமக்கு உதவாது, பதில் எழுத்தில் வர வேண்டும்.

ஆங்கிலத் தேர்வையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதி. நான்கின் சராசரிதான் மொத்த மதிப்பெண். உதாரணமாக 7, 6.5, 5, 6 வாங்கினால் சராசரி 6.125, அதை 6 என்று கொடுப்பார்கள். "மொத்தம் 6 வந்துடுச்சு" என்று சந்தோஷப்படுவதற்குள் நிபந்தனையைப் பாருங்கள். எந்தப் பகுதியிலும் 5.5-க்குக் குறையக்கூடாது என்று இருந்தால் எழுத்தில் வாங்கிய 5 நம்மை வெளியே தள்ளிவிடும். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களுக்குப் பொதுவாக எழுத்துதான் கஷ்டம். தினமும் ஒரு பக்கம் எழுதி ஆங்கில ஆசிரியரிடம் காட்டினால் ஆறு மாதத்தில் கை பழகிவிடும். ரிசல்ட் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். அவசரப்பட்டு முதலாம் ஆண்டிலேயே எழுதினால் வீண்.

இரண்டாம் பூட்டு: கிளை இருக்கும் நாடு

பல்கலைக்கழகம் "வா" என்று சொன்னாலும் மலேசிய அரசு "வரலாம்" என்று சொல்ல வேண்டும். முதலில், நாம் சேரும் படிப்பு மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எம்.கியூ.ஏ. என்று சொல்வார்கள். பதிவேடு எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் உள்ளது. பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, நம் படிப்பின் பெயரே அதில் இருக்க வேண்டும்.

பிறகு மாணவர் அனுமதி. கல்லூரி வழியாக இ.எம்.ஜி.எஸ். என்ற அமைப்புக்கு விண்ணப்பம் போகும். அவர்கள் பார்த்து, விசா ஒப்புதல் கடிதம் வரும். அதன் பிறகே பயணம். போய் இறங்கியதும் மருத்துவப் பரிசோதனை உண்டு. ஒப்புதல் கடிதம் கையில் வருமுன் "டூரிஸ்ட் விசாவில் ஏறு, அங்கே போய் மாத்திக்கலாம்" என்று எவராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

"பார்ட் டைம் வேலை பார்த்தே ஃபீஸ் கட்டிடலாம்" என்று சொல்வார்கள். மலேசியாவில் மாணவர்கள் செமஸ்டர் விடுமுறையிலும் 7 நாளுக்கு மேற்பட்ட விடுமுறையிலும் மட்டும்தான் வேலை பார்க்கலாம். அதுவும் வாரம் 20 மணி நேரம் வரை, உணவகம், பெட்ரோல் பங்க் போன்ற குறிப்பிட்ட இடங்களில், கல்லூரி வழியாகக் குடிநுழைவுத் துறையின் அனுமதி வாங்கிய பிறகு. அது கைச்செலவுக்கு ஆகும், ஃபீஸுக்கு ஆகாது.

இன்னொரு பெரிய மயக்கம்: ஆஸ்திரேலியப் பட்டம் வாங்கினால் ஆஸ்திரேலியாவில் வேலை விசா கிடைத்துவிடும் என்பது. ஆஸ்திரேலியாவில் படித்து முடித்தவர்களுக்குத் தரும் தற்காலிக விசாவுக்கு, அந்த நாட்டு மண்ணிலேயே படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பிரிட்டனின் கிராஜுவேட் விசாவும் பிரிட்டனில் படித்தவர்களுக்கே. மலேசியாவில் படித்தால் பட்டம் அதேதான். விசா உரிமை அதே அல்ல. மலேசியாவிலேயே வேலை பார்க்க நினைத்தாலும், வேலை தரும் கம்பெனி நமக்காகத் தனி அனுமதி வாங்க வேண்டும்.

மூன்றாம் பூட்டு: நம் நாடு

திரும்பி வந்து அரசு வேலைக்கோ எம்.இ. படிப்புக்கோ விண்ணப்பித்தால், வெளிநாட்டுப் பட்டம் நம் நாட்டுப் பட்டத்துக்கு இணையானது என்ற சான்றிதழ் கேட்பார்கள். முன்பு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் இதைக் கொடுத்து வந்தது. 2025 ஏப்ரலில் யு.ஜி.சி. இதற்கென்று புதிய விதிமுறை வெளியிட்டது. கிளை வளாகத்தில் படித்த பட்டத்துக்கு, தாய்நாடு, கிளை இருக்கும் நாடு ஆகிய இரண்டின் கல்வி விதிகளும் நிறைவேறியிருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. எம்.கியூ.ஏ. பதிவேட்டைப் பாருங்கள் என்று மேலே நான் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான். கிரெடிட் தள்ளுபடி வாங்கிப் படிப்புக் காலம் குறைந்தால், அந்தக் குறைந்த கால அளவு இங்கே செல்லுமா என்பதையும் சேரும் முன்பே யு.ஜி.சி.க்கு எழுதிக் கேளுங்கள்.

பொறியியலுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. வாஷிங்டன் உடன்படிக்கை என்று ஒன்று 1989 முதல் இருக்கிறது. ஒரு நாட்டில் தரச்சான்று பெற்ற பொறியியல் படிப்பை மற்ற உறுப்பு நாடுகளும் மதிக்கும் ஏற்பாடு அது. மலேசியா 2009-இலும் இந்தியா 2014-இலும் முழு உறுப்பினர் ஆயின. ஆனால் தரச்சான்று கல்லூரிக்கு அல்ல, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. மெக்கானிக்கலுக்கு இருந்தால் மெக்கட்ரானிக்ஸுக்கும் இருக்கும் என்று நினைக்கக்கூடாது.

பணக் கணக்கு

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்க அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். கல்விக் கடனைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவர் ஒன்றுதான் சொன்னார்: "கையெழுத்துப் போடச் சொன்னா போட்டுடறேன் கண்ணு. அதுல என்ன எழுதியிருக்குன்னு நீதான் படிச்சுச் சொல்லோணும்." நம்மில் பல பேர் வீட்டில் இதே நிலைமைதான். படித்துச் சொல்ல வேண்டிய ஆள் நாமே. ஆகவே கணக்கைச் சரியாகப் போடுவோம்.

உதாரணத்துக்கு ஆண்டுக் கட்டணம் 40,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரிங்கிட் 20 ரூபாய் என்றால் 8 லட்சம். அதே ரிங்கிட் 22 ரூபாய் ஆனால் 8 லட்சத்து 80 ஆயிரம். கட்டணம் ஒரு பைசா ஏறாமலேயே வருடத்துக்கு 80 ஆயிரம், மூன்று வருடத்துக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் கூடிவிட்டது. ஆகவே பட்ஜெட் போடும்போது பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வையுங்கள்.

கடனுக்கு வருவோம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 4 லட்சம் வரை ஜாமீன் இல்லை.  7.5 லட்சத்துக்கு மேல் வீடோ நிலமோ அடமானம். 4 லட்சத்துக்கு மேல் வெளிநாட்டுப் படிப்பென்றால் செலவில் 15 சதவீதம் நம் கைப்பணம். படிப்புக் காலத்தில் தவணை கட்ட வேண்டியதில்லை என்பார்கள். ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். 20 லட்சம் முழுவதும் வாங்கியிருந்தால் 10 சதவீத வட்டியில் வருடத்துக்கு 2 லட்சம், அதாவது மாதம் பதினாறாயிரத்துக்கு மேல் வட்டி மட்டுமே. முதல் வேலையில் நமக்குக் கிடைக்கும் சம்பளத்தை இதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

இங்கே லேட்டரல் என்ட்ரியில் சேர்ந்தால் மூன்று வருடத்தில் பி.இ. முடிகிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தமிழக அரசு தரும் கட்டணச் சலுகை இங்கே கவுன்சலிங்கில் சேர்வோருக்குத்தான், வெளிநாட்டுக்குக் கிடையாது. மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை முதுநிலைக்கும் முனைவர் படிப்புக்கும் மட்டுமே. ஆகவே இங்கே பி.இ. முடித்து, மேற்படிப்புக்கு வெளியே போவதும் நல்ல வழிதான். இரண்டு வழியையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதி ஒப்பிடுங்கள்.

ஏஜென்ட் வந்தால்

எங்கள் ஊரில் ஒரு ஏஜென்ட் தெரிந்த வீடொன்றுக்கு வந்து, "இன்னிக்கே 25 ஆயிரம் கட்டினா சீட் பிளாக் பண்ணிடலாம்" என்றார். என்ன படிப்பு என்று கேட்டதற்கு, "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். பணம் மட்டும் இன்றைக்கே வேண்டும், படிப்பு அப்புறம்! அந்த வீட்டில் யாரும் பணம் கட்டவில்லை. எல்லா ஏஜென்டும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் பொதுவாகப் பல்கலைக்கழகமே ஏஜென்டுக்குக் கமிஷன் தருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் பட்டியல் இருந்தால் அதில் அவர் பெயரைத் தேடுங்கள். கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் மட்டுமே கட்டுங்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டை யார் கையிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

வேலையின் வரிசை

ஐந்தாம் செமஸ்டரில் பாஸ்போர்ட் எடுங்கள். பத்தாவது தேறிய சான்றிதழைக் காட்டினால் குடியேற்றச் சோதனை தேவையில்லாத பாஸ்போர்ட்டே கிடைக்கும். பெயர், இன்ஷியல், பிறந்த தேதி எல்லாச் சான்றிதழிலும் ஒன்றாக இருக்கிறதா என்று அப்போதே பாருங்கள். அரியர் இருந்தால் முதலில் அதை முடியுங்கள். அடுத்து ஐ.இ.எல்.டி.எஸ்., பிறகு விண்ணப்பம். கடைசி ரிசல்ட் வருமுன் நிபந்தனையோடு கூடிய ஆஃபர் வரும். அது இன்னும் முழு சீட் அல்ல. நிபந்தனை தீர்ந்து உறுதியான ஆஃபர் வந்த பிறகு, பணம் திரும்பக் கிடைக்கும் விதியைப் படித்துவிட்டு முன்பணம் கட்டுங்கள். அதன் பின் மாணவர் அனுமதி. டிக்கெட் கடைசியில்தான்.

நண்பர்களே, போகாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. நல்ல லேப், நல்ல ஆசிரியர், நாலு நாட்டுப் பிள்ளைகளோடு பழக்கம் என்று அங்கே கற்க நிறைய உண்டு. மூன்று பூட்டும் திறந்தவர்கள் தைரியமாகப் போங்கள். ஒன்று திறக்காவிட்டாலும் பொறுங்கள், மேற்படிப்புக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. ஆனால் வீட்டில் யாரையும் கையெழுத்துப் போடச் சொல்லும் முன், அந்தத் தாளின் ஒவ்வொரு வரியையும் தமிழில் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். நமக்கே சொல்லத் தெரியாத வரி ஒன்று இருந்தால், அன்றைக்குக் கையெழுத்து வேண்டாம்.