இடிபாட்டை அள்ளிவிடாதே

அன்புள்ள தம்பிக்கு,

கும்பகோணம் பக்கம் ஒரு கோயில் மேட்டில் அகழாய்வுக் குழிப் பொறுப்பு கிடைத்திருப்பதாக எழுதியிருந்தாய். மிகவும் மகிழ்ச்சி. மேலே கிடக்கும் இடிபாட்டை இரண்டு நாளில் அள்ளிவிட்டால் கோயிலின் அடிப்பீடமான அதிட்டானம் தெரிந்துவிடும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். அள்ளிவிடாதே.

கோயில் எப்படி எழுந்தது என்பதை அதிட்டானம் சொல்லும். எப்படி விழுந்தது என்பதற்கு அந்தக் குவியலை விட்டால் வேறு சாட்சி கிடையாது. கூடையில் ஏறிவிட்டால் அதுவும் போயிற்று.

தளத்தின் மேல் கூரை ஓடு நேராகக் கிடக்கிறதா, இடையில் விரற்கடை வண்டல் படிந்திருக்கிறதா என்று முதலில் பார். வண்டல் இருந்தால், கூரை நிற்கும்போதே வெள்ளம் உள்ளே வந்திருக்கிறது, கழுவிவிட ஆளில்லை. பூசை நின்று வெகுநாள் கழித்துத்தான் கூரை இறங்கியிருக்கும். ஓட்டின் மேல் செங்கற்கள் வரிசை குலையாமல் சாய்ந்து கிடந்தால் சுவர் ஒரே வீச்சில் விழுந்தது என்று கொள். அந்த வரிசைகளை எண்ணினால் சுவரின் உயரமே கைக்கு வந்துவிடும். சுதைத் துண்டு குப்புறக் கிடந்தால் தண்ணீர் விட்டுக் கழுவாதே. அடிப்பக்கத்தில் வண்ணம் ஒட்டியிருக்கலாம்.

சுவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லையா? சோர்ந்துவிடாதே. பழைய கோயிலைப் பெயர்த்துக் கட்டடப் பொருள் எடுப்பது நம் பக்கத்தில் நிறையவே நடந்திருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலையே 1836-இல் கொள்ளிடத்தின் கீழணைக்காக உடைத்தெடுத்தார்கள். நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. ஆனால் செங்கல்லைப் பெயர்த்த பள்ளம் பிறகு தூர்ந்து, சாந்துத் துணுக்கு கலந்த பொலபொலத்த மண்ணாக நிற்கும். கரண்டி பட்டாலே வித்தியாசம் தெரியும். அதன் விளிம்பைப் பிசகாமல் பிடி. இல்லாத சுவரின் அகலமும் போக்கும் வரைபடத்தில் வந்துவிடும்.

மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தை நினைத்துக்கொள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு அங்கே கல்வெட்டுள்ள பாறை வெளிப்பட்டது. மத்தியத் தொல்லியல் துறையினர் தோண்டியபோது பல்லவர் காலத்து முருகன் கோயிலும், அதனடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயிலும் வந்தன. முற்காலத்திலும் கடல் பொங்கி அழித்திருக்க வேண்டும் என்று அவர்கள் கருதினார்கள். இடையிலிருந்த மணலையும் கிளிஞ்சலையும் வெறும் மண்ணென்று வாரிக் கொட்டியிருந்தால் அப்படி ஒரு கேள்வியே எழுந்திருக்காது.

டெல்டா மண்ணில் இன்னொரு தொல்லை உண்டு. அறுவடை முடிந்து வயல் காய்ந்தால் களிமண் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மேலே கிடந்த பாசிமணியோ காசோ வெடிப்பு வழியே முழங்கால் ஆழம் இறங்கிவிடும். எலி வளையும் நண்டு வளையும் இதே வேலையைச் செய்யும். ஆகவே ஒற்றைக் காசை நம்பி அடுக்குக்குக் காலம் சொல்லாதே. அது கிடந்த இடத்தைச் சுற்றி மண்ணின் நிறம் மாறுகிறதா என்று ஈரம் தெளித்துப் பார்த்துவிட்டு எடு.

செப்புத் திருமேனி கிடைத்தால் ஊரே திரண்டுவிடும். 2023-இல் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்கு மண் எடுக்கும்போது 20-க்கும் மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகளும், தேவாரப் பதிகங்கள் பொறித்த 400-க்கும் மேற்பட்ட செப்பேடுகளும் வந்தது உனக்குத் தெரியும். அப்படி ஒரு நாள் உனக்கும் வாய்த்தால், திருமேனியைத் தூக்குவதற்கு முன்னால் புதைகுழியின் விளிம்பைக் குறித்துக்கொள். எந்தத் தளத்தை வெட்டி இறக்கினார்கள், மேலே மறுபடி தளம் போட்டார்களா என்பதை வைத்துத்தான் எப்போது ஒளித்தார்கள் என்று சொல்ல முடியும். கூட்டம் மிதித்த பிறகு அந்த விளிம்பைத் தேடிப் பயனில்லை.

ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால், வாய்க்கால் நிறைந்த சில நாளில் குழியில் ஊற்றெடுக்கும். அதற்குள் நான்கு பக்க வெட்டுமுகங்களையும் வரைந்து முடித்துவிடு. எனக்கும் ஒரு படி அனுப்பு. ஓட்டுக்கு அடியில் வண்டல் இருக்கிறதா என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்