பொட்டலத் தாளும் சூடும்

மாலை ஆறு மணிக்கு உட்லண்ட்ஸ் கம்போங் அட்மிரல்ட்டி உணவங்காடி நிலையத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள். வேலை முடிந்து வருபவர்கள், இணைப்பாட நடவடிக்கை முடிந்து வரும் மாணவர்கள், பேரப் பிள்ளைகளோடு வரும் தாத்தா பாட்டிகள் எனக் கடைகளின் முன் வரிசை நீண்டிருக்கும். "அண்ணே, ரெண்டு பொட்டலம்" என்று ஒருவர் கேட்டதும், கடைக்காரர் பழுப்புத் தாள் ஒன்றை எடுத்து விரிப்பார். ஆவி பறக்கும் சோற்றை அதில் கொட்டுவார். நான்கு மடிப்பில் கட்டி, ரப்பர் வளையம் போட்டுக் கொடுத்துவிடுவார். குழம்பு ஒழுகாது, தாளும் கிழியாது.

வெறும் தாளாக இருந்தால் இப்படி நடக்காது. தாள் என்பது மரக்கூழிலுள்ள செல்லுலோஸ் இழைகள் பின்னிக்கொண்ட ஒரு மெல்லிய விரிப்பு. ஈரம் பட்டால் இழைகளின் பிடி தளர்ந்துவிடும். அதனால் பொட்டலத் தாளின் உட்பக்கத்தில் பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக்கை மிக மெல்லிய படலமாகப் பூசுகிறார்கள். வீட்டில் ஒரு தாள் கிடைத்தால் மெதுவாகக் கிழித்துப் பாருங்கள். தாள் கிழிந்த பிறகும் ஒளி ஊடுருவும் படலம் ஒன்று ஓரத்தில் இழுபட்டு நீளும்.

அந்தப் படலத்திற்கு ஓர் எல்லை உண்டு. பொட்டலத் தாள்களில் பெரும்பாலும் பயன்படும் பாலிஎத்திலீன் வகை 105 முதல் 115 டிகிரி செல்சியஸுக்குள் உருகத் தொடங்குகிறது. சோறும் குழம்பும் நீர் நிறைந்தவை. நீர் 100 டிகிரியில் கொதித்துவிடுவதால் அவற்றின் சூடு அதற்கு மேல் போவதில்லை. எனவே படலமும் தாங்குகிறது. எண்ணெயின் கதை வேறு. பலகாரம் பொரிக்கும் எண்ணெய் 170, 180 டிகிரி வரை சூடேறும். சட்டியிலிருந்து எடுத்த வடையை எண்ணெய் வடியவிடாமல் அப்படியே இந்தத் தாளில் வைத்தால், படலம் இளகி உணவோடு ஒட்டிக்கொள்ளும். அனுபவமுள்ள கடைக்காரர்கள் முதலில் வடிதட்டில் வைப்பது முறுகலுக்காக மட்டும் அன்று.

இங்கே செய்தித்தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் பஜ்ஜியும் வடையும் செய்தித்தாளில் சுற்றித் தரும் பழக்கம் நெடுநாள் இருந்தது. இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. சூடான எண்ணெய் அச்சு மையைக் கரைத்து உணவில் சேர்த்துவிடும் என்பதால், இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம் 2016ஆம் ஆண்டு இப்பழக்கத்தைக் கைவிடுமாறு அறிவுறுத்தியது. தாள் சூட்டைத் தாங்கினாலும் அதன் மேலுள்ள பொருள் தாங்குமா என்பது தனிக் கேள்வி.

தாள் எப்போது எரியும்? சுமார் 230 டிகிரியை எட்டும்போது தானாகவே தீப்பற்றும். இதையொட்டி அறிவியல் ஆசிரியர்கள் செய்துகாட்டும் சோதனை ஒன்று உண்டு. தாளால் செய்த குவளை ஒன்றில் நீர் நிரப்பி, அதன் அடிப்பக்கத்தை மெழுகுவத்திச் சுடரின் மேல் பிடிப்பார்கள். நீர் கொதிக்கும், குவளை எரியாது. தாளுக்கு வரும் வெப்பத்தை நீர் உடனுக்குடன் வாங்கிக்கொள்வதால், தாளின் சூடு 100 டிகிரியைச் சுற்றியே நின்றுவிடுகிறது. சுடர் நீர்மட்டத்திற்கு மேலே பட்டால் மட்டும் அந்த இடம் கருகிப் பற்றிக்கொள்ளும். ஆசிரியர் அருகில் இல்லாமல் இதைச் செய்துபார்க்காதீர்கள்.

இதே காட்சியை அடுப்பிலும் காணலாம். கேக் தட்டில் விரித்த பேக்கிங் தாளைக் கவனியுங்கள். மாவு இருந்த இடம் வெளிறியே இருக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஓரங்களோ பழுப்பேறி நொறுங்கும். மாவின் ஈரம் ஒரு பகுதியைக் காத்தது. ஓரத்தைக் காக்க எதுவும் இல்லை.

பேக்கிங் தாளையும் மெழுகுத் தாளையும் பலர் ஒன்றென்றே நினைக்கிறார்கள். இரண்டும் வழவழப்பாக, சுருளாகச் சுற்றி, ஒரே அலமாரியில் அடுத்தடுத்து இருப்பதே காரணம். ஆனால், பேக்கிங் தாளில் இருப்பது சிலிக்கோன் பூச்சு. பல நிறுவனங்கள் 220 டிகிரி வரை பயன்படுத்தலாம் என்று பெட்டியிலேயே அச்சிடுகின்றன. மெழுகுத் தாளில் உள்ள பாரஃபின் மெழுகு 50, 60 டிகிரியிலேயே உருகிவிடும். ரொட்டித் துண்டைச் சுற்றி வைக்க அது நல்லது. சூடான அடுப்புக்குள் வைத்தாலோ மெழுகு உருகிப் புகையும், தீப்பிடிக்கவும் கூடும். பெயரைப் படிக்காமல் எடுக்கக்கூடாத பொருள்களில் இது ஒன்று.

இனி, வீட்டிற்கு வந்த பொட்டலத்தைப் பார்ப்போம். சமைத்த உணவு 5 முதல் 60 டிகிரி வரையிலான சூட்டில் நெடுநேரம் இருந்தால் கிருமிகள் வேகமாகப் பெருகும். சிங்கப்பூர் உணவு அமைப்பு இதை அபாய வெப்பநிலை வரம்பு என எச்சரிக்கிறது. இரவு தாமதமாக வருபவர் ஆறிப்போன சோற்றை மீண்டும் சூடாக்க விரும்புவது இயல்பே. ஆனால், பொட்டலத்தை அப்படியே நுண்ணலை அடுப்பில் வைக்கலாமா? கூடாது. எண்ணெயும் சர்க்கரையும் உள்ள இடங்கள் 100 டிகிரியைத் தாண்டிவிடும். அங்கே படலம் உருகும். கம்பி ஊசி குத்தியிருந்தால் தீப்பொறியும் பறக்கும். பீங்கான் தட்டுக்கு மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது.

பிளாஸ்டிக் வருவதற்கு முன் இந்த வேலையை இலைகள் செய்தன. இங்கே வறுத்த குவேதியாவையும் ஹொக்கியென் மீயையும் பாக்கு மட்டையில் கட்டித் தந்தார்கள்; சில கடைகள் இன்றும் தருகின்றன. நாசி லெமாக்கிற்கு வாழை இலை. நம் வீட்டுப் பெரியவர்கள் கட்டுச்சோறு கட்டும்போது வாழை இலையை அனலில் வாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பச்சை இலையை மடித்தால் நரம்போடு கிழியும். அனல் பட்டதும் மேலிருக்கும் இயற்கை மெழுகு இளகிப் பளபளக்கும். இலை துவண்டு, துணிபோல மடியும். தாளுக்குக் கேடு செய்யும் சூடு இலைக்கு உதவி செய்கிறது!

உணவைத் தவிர வேறு பொருள்களையும் தாள் காக்கிறது. உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் நாள்தோறும் லாரிகள் அட்டைப் பெட்டிகளைச் சுமந்து செல்கின்றன. பகலில் சூடாகும் கொள்கலனுக்குள் காற்று ஈரத்தை ஏந்திக்கொள்கிறது. இரவில் கூரை குளிர்ந்ததும் அந்த ஈரம் நீர்த்துளிகளாகிச் சொட்டுகிறது. நனைந்த அட்டைப் பெட்டி தன் வலிமையில் ஏறத்தாழ பாதியை இழக்கக்கூடும். அடுக்கின் அடியில் இருக்கும் பெட்டி நசுங்குவது இப்படித்தான்.

இயந்திர உறுப்புகளைச் சுற்றும் துருத் தடுப்புத் தாள் இன்னும் வியப்பானது. அதில் ஏற்றியிருக்கும் வேதிப்பொருள் மெல்ல ஆவியாகி, உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத கவசமாகப் படிகிறது. சூடு கூடினால் ஆவியாதலும் கூடும். உறை இறுக்கமாக மூடியிருந்தால் கவலையில்லை. ஆவி உள்ளேயே நிற்கும். திறந்த கட்டாக வெப்பமான கிடங்கில் கிடந்தால், பயன்படுத்தும் முன்பே அதன் ஆற்றல் தீர்ந்துபோகும். பார்வைக்கு மட்டும் அது புதுத் தாளாகவே இருக்கும்.