கை நீட்டுமுன் கணக்கு

அன்புத் தம்பிக்கு,

மேலூர்ப் பக்கம் உங்கள் கண்மாயைத் தூர்வார நிதி கேட்டு நீ எழுதிய திட்டத்தைப் படித்தேன். தண்ணீர்ப் பஞ்சம் பற்றி நன்றாக எழுதியிருக்கிறாய். ஆனால் அந்தக் கண்மாய்க்கு எத்தனை மடை, ஆயக்கட்டு எத்தனை ஏக்கர், வரத்துக்கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது என்ற விவரம் அதில் இல்லை. பணம் கொடுப்பவர் முதலில் தேடுவது அதைத்தான்.

நம் மதுரையில் நடந்ததைக் கேள். டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 1976-ல், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வங்கிக் கடன் கிடைக்கவில்லை. வீட்டை அடமானம் வைத்தார். குடும்பத்து நகைகளும் அடகுக்குப் போயின. கட்டணம் கட்ட முடிந்தவர்களிடம் வந்த வருமானத்தில், முடியாதவர்களுக்கும் இலவசமாகக் கண்புரை அறுவை செய்தார்கள்.

விழிக்குள் வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்து வந்தது. ஒன்று நூறு டாலர் அளவில் விற்றது, ஏழைக்கு எட்டாது. அதை மதுரையிலேயே செய்ய 1992-ல் அரவிந்தின் உற்பத்திக்கூடமாக ஆரோலேப் எழுந்தது. அமெரிக்காவின் சேவா ஃபவுண்டேஷன் துணை நின்றது. லென்ஸ் விலை சுமார் பத்து டாலருக்கு இறங்கியது. ஆரோலேபுக்கு உதவியவர்கள் முன் பதினாறு ஆண்டு உழைப்பு இருந்தது. இலவசச் சிகிச்சைக்கும் வழிசெய்த வரவு செலவு இருந்தது. அதைவிடப் பெரிய சிபாரிசு வேறென்ன வேண்டும்?

உன் கண்மாய்க்கும் இதே வழிதான். மதுரையில் இயங்கும் தானம் அறக்கட்டளையின் வயலகம் திட்டத்தில், கண்மாயைச் சீரமைக்கும்போது விவசாயிகளும் தங்கள் பங்கைப் போடுகிறார்கள். தன் காசு விழுந்த கரையை ஊர் பார்த்துக்கொள்ளும். ஆகவே முதலில் ஊர்க்கூட்டம் போடு. வீட்டுக்கு இவ்வளவு பணம், இத்தனை நாள் உழைப்பு என்று பேசி முடிவு செய். ஒரு மடையையாவது உங்கள் செலவில் சரிசெய்து காட்டு.

பிறகு இரண்டே பக்கம் எழுது: என்ன குறை, ஊர் என்ன செய்திருக்கிறது, மீதிக்கு எவ்வளவு வேண்டும், பணம் தீர்ந்தபின் மராமத்தை யார் பார்ப்பார்கள். தொகையைக் கூட்டியும் சொல்லாதே, குறைத்தும் சொல்லாதே. நிதி தர மறுத்தால் காரணம் கேட்டுக் குறித்துக்கொள்.

அடுத்த மழைக்கு முன் அந்த ஒரு மடையைச் சரிசெய்துவிடு தம்பி. அங்கே பாயும் தண்ணீர் உனக்காகப் பேசும்.

அன்புடன்,
அண்ணன்