‘டிவி சுத்துதுங்க’: ஃபைபர் வேலைக்கு வந்திருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஐ.டி.ஐ. முடித்த கையோடு ஃபைபர் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய். ஸ்பிளைசிங் மெஷின் பழகிவிட்டது, கம்பம் ஏறவும் பயமில்லை என்று உன் மாமா சொன்னார். நல்லது. அவை கை வேலை, பழகப் பழக வந்துவிடும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் வரும் ஒரு கம்ப்ளைண்ட் இருக்கிறது. அதை எப்படிக் கையாளுகிறாய் என்பதில்தான் உன் பெயர் நிற்கப் போகிறது: “டிவி சுத்திக்கிட்டே இருக்குதுங்க.”

இந்த கம்ப்ளைண்டுக்குப் போகும் நம் ஆட்களில் பெரும்பாலோர் இரண்டு காரியம் செய்வார்கள். முதலில் ரவுட்டரை அணைத்துப் போடுவார்கள். பிறகு ரவுட்டருக்குப் பக்கத்திலேயே நின்று தங்கள் போனில் ஸ்பீடு டெஸ்ட் ஓட்டி, “பாருங்கம்மா, 95 வருது, நம்ம லைன்ல ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்வார்கள். நீ இரண்டையும் செய்யாதே. அணைத்துப் போட்டால் பல நேரம் சரியாகும்தான். ஆனால் எதனால் சுற்றியது என்ற தடயமும் அதோடு போய்விடும். சில நாளில் அதே அம்மா அதே நேரத்துக்குப் போன் செய்வார். போனில் வந்த அந்த 95 உன் கைக்கும் ரவுட்டருக்கும் நடுவிலுள்ள நாலடிக்கு மட்டுமே பொருந்தும். டிவி இருப்பது அடுத்த அறையில். நடுவில் ஒன்பது அங்குலச் சுவர், அதில் சாய்த்து வைத்த இரும்பு பீரோ.

முதலில் கேள். எந்த ஆப்பில் சுற்றுகிறது, எல்லாவற்றிலுமா ஒன்றில் மட்டுமா? பகலில் நன்றாக ஓடுகிறதா? படம் சுற்றும்போது வீட்டில் மற்றவர்களின் போன் எப்படி இருக்கிறது? சமீபத்தில் ஏதாவது இடம் மாற்றினீர்களா, புது டிவி, புது ஷோகேஸ், பெயின்ட் வேலை? பெயின்ட் அடித்த வீடுகளில் ஃபைபர் வயரை மடக்கி ஆணியில் சுற்றி வைத்திருப்பார்கள். அதைக் கேட்காமல் கண்டுபிடிக்க ஒரு மணி நேரமாகும்.

“சுத்துது” என்று ஒரே வார்த்தையில் சொல்வார்கள். ஆனால் நீ திரையைப் பார். வீடியோ முழுதாக ஒரே ஓட்டமாக வருவதில்லை. சில நொடி நீளத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரத்தில் சர்வரில் வைத்திருக்கிறார்கள். டிவி முன்கூட்டியே சில துண்டுகளை வாங்கிக் கையிருப்பு வைத்துக்கொண்டு ஓட்டுகிறது. வேகம் குறைந்தால் அடுத்த துண்டைத் தரம் குறைவாகக் கேட்கும். அதனால் லைன் மெல்ல மெல்ல இளைத்தால் முதலில் படம் மங்கும், முகங்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். வட்டம் சுற்றுவது அதற்குப் பிறகுதான். மங்காமல் நல்ல தெளிவாக ஓடிக்கொண்டிருந்து திடீரென்று சுற்றினால், வேகம் குறைவாக இருப்பதைவிடத் தொடர்பு விட்டு விட்டு வருகிறது என்றே முதலில் சந்தேகப்படுவேன். ரிமோட்டை அமுக்கினால் மெனு நகரவே நேரமாகிறதா? அப்போது நெட்டை விட்டுவிட்டு டிவியைச் சந்தேகி. மலிவு விலை ஸ்மார்ட் டிவிகளில் ஒரு ஜிபி, ஒன்றரை ஜிபி ராம்தான் இருக்கும். உள்ளே எட்டு ஜிபி இடம், அதிலும் பாதி டிவியின் சொந்தச் சாமான். வேண்டாத ஆப்களை எடுத்துவிட்டு, ஆப்பின் கேஷை அழித்து, டிவியைச் சுவர் சுவிட்சில் அணைத்துப் போட்டாலே சில வீட்டில் கதை முடிந்துவிடும்.

கிரிக்கெட் நேரடி ஒளிபரப்பு தனி ரகம். சினிமாவுக்கு ஒரு நிமிடத்துக்கும் மேல் கையிருப்பு வைத்துக்கொள்ள முடியும். நேரடியாக நடப்பதற்கு அவ்வளவு வைத்தால் பக்கத்து வீட்டில் விக்கெட் விழுந்து கத்திய பிறகுதான் நம் கஸ்டமர் வீட்டில் பந்தே போடுவார்கள். கையிருப்பு குறைவு என்பதால் சின்னத் தடங்கலும் உடனே தெரியும். 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். அப்படிப்பட்ட ராத்திரியில் வரும் கம்ப்ளைண்டை மறுநாள் ஒரு சினிமாவை ஓட்டிப் பார்த்துவிட்டு “சரியாயிடுச்சு” என்று மூடாதே.

இப்போது அளப்பது. நெட்ஃபிளிக்ஸ் தன் வாடிக்கையாளருக்குச் சொல்லும் கணக்கு, ஃபுல் ஹெச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேவுக்கு 15. யூடியூப் 4கேவுக்கு 20 கேட்கிறது. 100 எம்பிபிஎஸ் பிளான் உள்ள வீட்டில் நாலு டிவியில் 4கே ஓடினாலும் இடம் மிச்சம். டிவி சுற்றுகிறது என்றதும் “200 பிளானுக்கு மாறுங்க சார்” என்று சொல்பவனுக்கு இன்சென்டிவ் கிடைக்கலாம். அந்த வீட்டு டிவி மட்டும் தொடர்ந்து சுற்றும். மாதக் கடைசி என்றால் ஒன்று பார்த்துவிடு. அன்லிமிடெட் என்று விற்கும் பல பிளான்களிலும் மாதம் 3,300 ஜிபி தாண்டினால் வேகம் இறங்கிவிடும். சாதாரணக் குடும்பம் அந்த எல்லையைத் தொடுவது கஷ்டம்; சிசிடிவி கேமராக்கள் ராப்பகலாக இணையத்துக்கு ஏற்றிக்கொண்டிருக்கும் வீடு என்றால் சொல்ல முடியாது.

டிவியிலேயே அள. நெட்ஃபிளிக்ஸ் ஆப்பின் உதவிப் பகுதியில் நெட்வொர்க் சோதனை இருக்கிறது. யூடியூபில் படம் ஓடும்போதே செட்டிங்ஸில் ஒரு புள்ளிவிவரப் பெட்டியைத் திறக்கலாம். எவ்வளவு வேகம் வருகிறது, எத்தனை நொடி கையிருப்பு இருக்கிறது என்று ஓடும் படத்தின் மேலேயே காட்டும். கையிருப்பு எண் சீராக நிற்கிறதா, படிப்படியாகக் கரைகிறதா, தொப்பென்று விழுகிறதா என்று இரண்டு நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிரு. வீட்டுக்காரர் “என்னப்பா, வேலை பாக்காம யூடியூப் பாக்குற” என்பார். சொல்லட்டும்.

அடுத்து, பையில் எப்போதும் இருபது மீட்டர் லேன் கேபிள் வைத்துக்கொள். ரவுட்டரிலிருந்து டிவிக்குத் தரையிலேயே இழுத்துச் செருகு. சுற்றுவது நின்றால் பிரச்னை வைஃபையில். நிற்காவிட்டால் டிவியிலோ, லைனிலோ, அதற்கும் வெளியிலோ. ஐந்து நிமிட வேலை, வீட்டைப் பாதியாகப் பிரித்துக் காட்டிவிடும். இங்கே ஒன்றைக் கவனி: பெரும்பாலான டிவிகளின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் 200 காட்டிய டிவி கேபிளில் 94 காட்டும். வீட்டுக்காரர் “வயர்ல ஸ்லோவா வருதே” என்பார். அந்த 94 ஆடாமல் நிற்கும் 94 என்று பொறுமையாகச் சொல். கேபிளை நீயே கிரிம்ப் செய்தால் எட்டு வயரையும் டெஸ்டரில் பார். 100க்கு 1, 2, 3, 6 ஆகிய நாலு வயர் போதும், 1,000க்கு எட்டும் வேண்டும். ரவுட்டரிலிருந்து மாடிக்குப் போகும் கேபிளில் அந்த நாலைத் தவிர்த்த ஒரு வயர் விட்டுப்போயிருந்தால் லைட் எரியும், நெட் வரும், மாடி மட்டும் 100ஐத் தாண்டாது.

நான் பார்த்தவரை இந்த கம்ப்ளைண்டில் பெரும்பகுதி வைஃபையில்தான் முடியும். அதற்கு நாமே காரணம். ஃபைபர் எந்த ஜன்னல் வழியாக உள்ளே வந்ததோ அந்த ஜன்னலுக்குக் கீழேயே ரவுட்டரை மாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். வீட்டுக்காரர் அசிங்கமாக இருக்கிறது என்று அதை ஷோகேஸ் கதவுக்குள்ளோ பரணிலோ தள்ளிவிடுகிறார். இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, மீன் தொட்டி, கம்பி கட்டிய கான்கிரீட் எல்லாம் அலையைத் தின்னும். கனெக்‌ஷன் கொடுக்கும் அன்றே “டிவி எங்க வைக்கப் போறீங்க?” என்று கேட்டு, பத்து மீட்டர் வயர் கூடுதலாகச் செலவானாலும் ரவுட்டரை ஹாலுக்குக் கொண்டுபோனால் பின்னால் வரும் பாதி கம்ப்ளைண்ட் வராது. ஆபீஸில் வயர் கணக்குக் கேட்பார்கள். கேட்டால் கேட்கட்டும், பெட்ரோல் கணக்கைக் காட்டு.

2.4 ஜிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டும். ஆனால் அடுக்குமாடியில் அது சந்தைக்கடை. ஒன்றோடொன்று மோதாத சேனல் அதில் மூன்றுதான்: 1, 6, 11. இருபது வீட்டு ரவுட்டரும் அந்த மூன்றுக்குள் அடித்துக்கொள்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. 5 ஜிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், வேகம் அதிகம், ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் மூச்சு வாங்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் டிவி எதைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. கரண்ட் போய் வந்ததும் முதலில் கிடைத்த 2.4ஐப் பிடித்துக்கொண்டு விடவே விடாத டிவிகள் உண்டு. பெயரைப் பிரித்து, ரவுட்டர் இருக்கும் அறையிலேயே டிவி என்றால் 5இல் மட்டும் சேர்த்துவிடு.

ஸ்டிக் போட்ட டிவி என்றால் பின்னால் எட்டிப் பார். டிவியின் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே அது நசுங்கிக் கிடக்கும். ஃபயர் டிவி ஸ்டிக்கின் பெட்டியிலேயே குட்டையாக ஒரு ஹெச்டிஎம்ஐ வயர் வரும். பெரும்பாலான வீடுகளில் அது பெட்டியோடு பரணில் இருக்கும். எடுத்து மாட்டி ஸ்டிக்கை ஓரமாகத் தொங்கவிட்டாலே சிக்னல் ஏறும். கரண்டும் டிவியின் யூஎஸ்பியிலிருந்து எடுத்திருப்பார்கள். அந்த போர்ட் பெரும்பாலும் அரை ஆம்பியர்தான் தரும், ஸ்டிக்குக்குப் போதாது. அதோடு வந்த அடாப்டரையே பிளக்கில் போடச் சொல்.

ரிப்பீட்டர் விற்பது நம் ஊரில் சுலபம். டிவி சுற்றுகிறதா, டிவிக்குப் பக்கத்திலேயே ஒன்றைச் சொருகு. சிக்னல் கோடு நாலும் எரியும், வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். ஆனால் ரிப்பீட்டருக்கு வரும் சிக்னலே செத்ததாக இருந்தால் அது செத்ததைத்தான் உரக்கச் சொல்லும். அதோடு, ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பிக் கொடுக்கும் மலிவு ரிப்பீட்டர் வேகத்தை ஏறக்குறையப் பாதியாக்கும். வைத்தே ஆக வேண்டுமென்றால் சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் நடுவழியில் வை. கேபிள் இழுக்க வழியிருந்தால் கேபிளையே சொல். உனக்குக் கமிஷன் குறையும், உண்மைதான்.

லைனில்தான் கோளாறு என்று தெரிந்தால் பவர் மீட்டரை எடு, இது உனக்குத் தெரிந்த வேலை. வீட்டில் மாட்டும் ஜிபான் ஓஎன்டி பெட்டிகளில் பல -28 டிபிஎம் வரை தாங்கும். அதற்காக -27 வருகிறதே என்று விட்டுவராதே. ஒவ்வொரு 3 டிபிக்கும் வெளிச்சம் பாதியாகிறது, ஒரு மடிப்போ கனெக்டரில் ஒரு தூசியோ போதும், விட்டு விட்டு வரும். பச்சைக் கனெக்டரை நீலத்தில் சொருகாதே. துடைக்காமல் எதையும் சொருகாதே.

இனி, சொல்லச் சங்கடமான ஒன்று. வயர் போட்டாலும் சுற்றுகிறது, ஃபைபர் பவர் நன்றாக இருக்கிறது, பகலில் ஓடி ராத்திரி மட்டும் திணறுகிறது என்றால் கோளாறு அநேகமாக நம் பக்கம். ஸ்பீடு டெஸ்ட் ஆப் பக்கத்து சர்வரையே தேர்ந்தெடுக்கும். அது நம் கம்பெனிக்குள்ளேயே இருக்கும் சர்வராகவும் இருக்கலாம். அதில் 95 வருவது நம் தெருவுக்குள் சாலை நன்றாக இருப்பதைக் காட்டுமே தவிர, ஊருக்கு வெளியே போகும் சாலையைக் காட்டாது. அதே நேரத்தில் ஃபாஸ்ட்.காமில் பார், அது நெட்ஃபிளிக்ஸ் சர்வர்களிலிருந்து அளக்கிறது. அங்கே 8, இங்கே 95 என்றால் இரண்டையும் நேரத்தோடு படம் எடுத்து ஆபீஸுக்கு அனுப்பு. வெளி லைன் போதாமல் கனெக்‌ஷனை விற்றுத் தள்ளும் ஆபரேட்டர்கள் உண்டு. அதை வீட்டு ரவுட்டரில் சரிசெய்ய முடியாது. 8.8.8.8 என்று டிஎன்எஸ் மாற்றிப் பார்க்கலாம். வேறு சர்வருக்கு அனுப்பி ஒரு ஆப் மட்டும் சரியாவதுண்டு, சில சமயம் கெடுவதும் உண்டு. வீட்டுக்காரரிடம் “உங்க டிவிதான் பழசு” என்று மட்டும் சொல்லிவிடாதே. “எங்க பக்கம் பாக்கணும், எழுதிக் குடுத்திருக்கேன்” என்று சொல். திட்டுவார், வாங்கிக்கொள்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியதும் அதே ஆப்பில், அதே நிகழ்ச்சியை, அதே டிவியில் ஓட்டிப் பார். கிளம்பும் முன் கம்ப்ளைண்ட் ஷீட்டில் ‘கஸ்டமர் ஓகே’ என்று மட்டும் கிறுக்கிவிட்டு வராதே. தேதி, ஓஎன்டியில் வந்த பவர், டிவியில் வயரில் எவ்வளவு, வைஃபையில் எவ்வளவு, என்ன மாற்றினாய், இவ்வளவும் எழுது. ஓஎன்டி பெட்டிக்குக் கீழே சின்ன ஸ்டிக்கரிலும் பவர் எண்ணை எழுதி ஒட்டு. அடுத்த முறை போகிறவன் நீயாக இருந்தாலும் வேறொருவனாக இருந்தாலும், -19 இருந்த இடத்தில் -25 வந்தால் டிவி பக்கமே போகாமல் நேராகக் கம்பத்துக்குப் போய்விடுவான்.

அன்புடன்,
உன் அண்ணன்