எரிந்த சுருளில் எஞ்சிய படம்

இரண்டாமாண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

"புத்தம் புதிய காப்பி" என்ற சுவரொட்டி வாசகத்தை நம் பெற்றோர் நன்கு அறிவர். இன்று பழைய படங்களின் ப்ளூ-ரே தட்டு உறைகளில் "டிஜிட்டல் முறையில் மீட்கப்பட்டது" என்று அச்சிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. முன்னது, நல்ல நிலையிலுள்ள நெகடிவிலிருந்து இன்னொரு பிரதி எடுப்பது. பின்னதோ, நெகடிவே நோயுற்ற பின் செய்யும் வைத்தியம். அந்த வைத்தியத்தில் எதைத் திருத்தலாம், எதைத் தொடக் கூடாது என்பதே கடினமான வினா. சத்யஜித் ராயின் பதேர் பாஞ்சாலி (1955), அபராஜிதோ (1956), அபுர் சன்சார் (1959) ஆகிய மூன்று படங்களைக் கொண்டு இதனைக் காண்போம்.

படச்சுருள் ஒரு வேதிப்பொருள் என்பதை வேதியியல் மாணவர்களாகிய நாமே மறந்துவிடுகிறோம். ஜெலட்டின் படலத்தில் வெள்ளி ஹாலைடு படிகங்கள் பரவியிருக்கும். ஒளி பட்டுப் பதனிட்டபின், கறுப்பு வெள்ளைப் படத்தில் அவை வெள்ளித் துகள்களாக எஞ்சும். நாம் திரையில் காணும் முகம் அத்துகள்களின் கூட்டமேயன்றி வேறில்லை. பழங்காலச் சுருள்கள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டால் ஆனவை. பின்னர் வந்த அசிட்டேட் சுருள் நாளடைவில் அசிட்டிக் அமிலத்தை வெளியிட்டுச் சுருங்கும். வெளிவந்த அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும். தன்வினையூக்கத்திற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நம் பாடநூலில் இல்லை.

ராய் 1992இல் கௌரவ ஆஸ்கர் விருது பெற்றார்; அவ்வாண்டு ஏப்ரலிலேயே மறைந்தார். அவர் படங்களைப் பாதுகாக்கும் நோக்குடன் மூல நெகடிவ்கள் இலண்டன் படக்கூடம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டன. 1993 ஜூலையில் அங்கே பெருந்தீ! பாதுகாப்பதற்காக அனுப்பியவை கருகின. எந்த அச்சுக் கருவியிலும் ஓட்ட இயலாத அந்தச் சுருள்களை, அமெரிக்க ஆஸ்கர் அகாதமியின் ஆவணக் காப்பகத்தார் எறிந்துவிடாமல் வாங்கி வைத்தனர். இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் செயல் இதுவே.

இதை வீட்டில் சொன்னபோது, பள்ளிக்கூடம் போகாத என் தாயார், "எரிஞ்சுபோனதுல என்ன படம் தெரியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இறுகச் சுற்றிய சுருளில் விளிம்புகள் கருகினாலும், காற்றுப் புகாத உட்சுற்றுகளில் படம் தங்கியிருக்கும். ஆனால் ஈரம் வற்றி, தொட்டால் முறியும்.

இருபதாண்டு கழித்து, 2013இல் கிரைட்டீரியன் என்னும் வீடியோ வெளியீட்டு நிறுவனம் இப்பணியில் இறங்கியது. இத்தாலியின் போலோன்யா நகரக் கூடத்தில், சுருள்களுக்கு முதலில் ஈரப்பதம் ஊட்டினர். உருகிப்போன ஒட்டுநாடாக்களையும் பசையையும் அகற்றி, ஓரத் துளைகளைக் கையாலேயே மறுபடி அமைத்தனர். கைவேலை மட்டும் ஏறத்தாழ 1000 மணி நேரம்! அதன் பிறகே கணிப்பொறிக்கு வேலை வந்தது. பதேர் பாஞ்சாலியில் சுமார் 40 விழுக்காடும், அபராஜிதோவில் 60 விழுக்காட்டுக்கு மேலும் எரிந்த நெகடிவிலிருந்தே கிடைத்தன. அபுர் சன்சாரின் நெகடிவ் பயன்படவில்லை. எஞ்சியவற்றுக்குப் பல நாடுகளின் காப்பகங்களிலிருந்த பிரதிகளைத் தேடினர். பிரதிக்குப் பிரதி நுட்பம் குறையுமாதலால், ஒரு காட்சியின் கூர்மையும் அடுத்ததன் மங்கலும் உறுத்தாமல் பொருத்த வேண்டியிருந்தது.

இனி வினாவுக்கு வருவோம். இரண்டு மணி நேரப் படத்தில் 1,72,800 சட்டங்கள் உண்டு. தூசி பெரும்பாலும் ஒரு சட்டத்தில் மட்டுமே தோன்றும். எனவே முன்பின் சட்டங்களோடு ஒப்பிட்டுக் கணிப்பொறி அதனை நீக்கிவிடும். ஆனால் மழைத்துளியும் அப்படித்தானே ஒரு கணம் தோன்றி மறைகிறது! துர்க்கா மழையில் நனையும் காட்சியைப் பொறியிடம் மட்டும் ஒப்படைத்தால் மழையே குறைந்துவிடக்கூடும். அங்கே மனிதக் கண் வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து துகள்களை அழிப்பது. திரையில் புள்ளிபுள்ளியாகத் துடிக்கும் வெள்ளித் துகள்களை அழுக்கென்று எண்ணி வழித்துவிடுவோர் உண்டு. அவ்வாறு செய்தால் முகங்கள் மெழுகுப் பொம்மைகளாகும். முதுபாட்டி இந்திர் தாக்ருணின் சுருக்கங்களும், இரயில் வரும் காட்சியின் நாணற்பூப் பஞ்சும் துகளோடு துகளாகப் போகும். கீறல் பிற்பாடு விழுந்தது, அதை நீக்கலாம். துகள் பிறவியிலேயே உள்ளது, அது இருக்கட்டும் என்பது என் துணிபு. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் பூசுவதை மீட்பு என்று அழைப்பதையும் நான் ஏற்பதற்கில்லை. (விடுதியில் நாம் கைப்பேசியில் பார்க்கும் சுருக்கப்பட்ட பிரதிகள், இவ்வளவு பாடுபட்டுக் காத்த துகளை மீண்டும் நசுக்கிவிடுகின்றன என்பது வேறு கதை.)

மீட்கப்பட்ட படங்கள் 2015 மே மாதம் நியூயார்க்கில் திரையிடப்பட்டு, நவம்பரில் ப்ளூ-ரே தட்டுகளாக வெளிவந்தன. ஆயினும் டிஜிட்டல் கோப்புக்கும் ஆயுள் உண்டு. வன்தட்டுப் பழுதாகும், சில ஆண்டுகளுக்கொருமுறை புதிய சேமிப்புக்கு மாற்ற வேண்டும். அதனால் மீட்ட படத்தை மறுபடியும் படச்சுருளிலேயே பதிந்து, குளிர்ந்த, ஈரம் குறைந்த அறையில் வைக்கும் காப்பகங்களும் உள்ளன.