மூலநிரலிலிருந்து லினக்ஸ்: புதியவர் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

உபுண்டு, மிண்ட் என்று சில காலம் லினக்ஸ் ஓட்டிப் பழகியவர்களுக்கு அடுத்ததாக ஓர் ஆசை வரும்: எல்லாவற்றையும் மூலநிரலிலிருந்து நாமே கம்பைல் செய்து நிறுவினால் என்ன? நல்ல ஆசைதான். ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் தவறு. நம் பிராசசருக்கென்றே கம்பைல் செய்தால் கணினி பறக்கும் என்பார்கள். ஆனால் டெபியனும் ஃபெடோராவும் தரும் ஆயத்த பைனரிகள் நன்றாகச் செப்பனிடப்பட்டவை. இணையம் பார்ப்பது, கடிதம் எழுதுவது போன்ற அன்றாட வேலைகளில் அந்த வேக வித்தியாசம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. மூலநிரல் வழியில் கிடைப்பவை வேறு இரண்டு. ஒன்று, எந்த நிரலில் எந்த வசதி இருக்க வேண்டும், எது வேண்டாம் என்று முடிவெடுக்கும் உரிமை. மற்றது, ஓர் இயங்குதளம் எந்தெந்தத் துண்டுகளால் ஆனது என்ற அறிவு. இவற்றில் உங்களுக்கு எது வேண்டும் என்பதில் முதலில் தெளிவாகுங்கள்.

அறிவுதான் முக்கியம் என்றால் லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச். ஜெரார்ட் பீக்மன்ஸ் 1999இல் தொடங்கிய இது டிஸ்ட்ரோ அல்ல, ஒரு புத்தகம். அதைப் பார்த்து ஒவ்வொரு கட்டளையாக நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும். முதலில் பின்யூட்டில்ஸ், ஜிசிசி, ஜிலிப்சி கொண்ட தற்காலிகக் கருவித்தொகுப்பு. பிறகு அதைக்கொண்டு உண்மையான சிஸ்டம். எந்தத் தொகுப்புக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை நிமிடத்தில் சொல்லாமல், பின்யூட்டில்ஸின் முதல் சுற்றுக்கு உங்கள் கணினி எடுத்த நேரத்தை ஓர் அலகாக வைத்துச் சொல்வது அதன் அழகு. பழைய கணினிக்கும் புதியதற்கும் ஒரே அட்டவணை பொருந்தும். ஆனால் இதில் பேக்கேஜ் மேனேஜர் கிடையாது. ஓப்பன்எஸ்எஸ்எல்லில் பாதுகாப்பு ஓட்டை வந்தால் செய்தியைக் கவனித்து, புதிய பதிப்பை இறக்கி, மறுபடி கம்பைல் செய்யும் பொறுப்பு முழுக்க உங்களுடையது. ஆகவே இதை ஒரு விர்ச்சுவல் மெஷினில் படிப்புக்காகச் செய்யுங்கள். தினமும் வேலை பார்க்கும் கணினியில் வேண்டாம்.

க்ரக்ஸ், சோர்ஸ் மேஜ், லூனார் ஆகியவை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்யும் டிஸ்ட்ரோக்கள். க்ரக்ஸின் எளிமை எனக்குப் பிடிக்கும். ஆர்ச் லினக்ஸ் உருவாக அதுவும் ஒரு தூண்டுகோல். ஆனால் மூன்றும் சிறு குழுக்கள் நடத்துபவை. சிக்கல் வந்தால் உங்களுக்கு முன்னே அதே சிக்கலைத் தீர்த்து எழுதி வைத்தவர்கள் குறைவு. புதியவருக்கு அதுதான் பெரிய இழப்பு. ஜென்டூ என்ற மூலநிரல் டிஸ்ட்ரோவைத் தொடங்கிய டேனியல் ராபின்ஸ் பின்னாளில் நடத்திய ஃபன்டூ 2024இல் முடித்துக்கொள்ளப்பட்டதால் பழைய கட்டுரைகளில் அதன் பெயரைப் பார்த்தால் கடந்து போகலாம். நிக்ஸ்ஓஎஸ், குய்க்ஸ் இரண்டும் மூலநிரல் விவரிப்பில் கட்டப்பட்டவையே. ஆனால் பெரும்பாலான தொகுப்புகள் ஆயத்தமாக வந்து இறங்கும். அதற்கு ஈடாக ஒரு புதிய அமைப்பு மொழியை நீங்கள் கற்க வேண்டும். கையால் பார்ட்டிஷன் பிரித்து, பூட்லோடர் போட்டு நிறுவிப் பார்க்கும் அனுபவம் மட்டும் போதும் என்பவருக்கு ஆர்ச்சே போதும்.

மற்ற எல்லோருக்கும் என் பரிந்துரை ஜென்டூ. அதன் 1.0 பதிப்பு 2002இல் வந்தது. அதன் கையேடு, லினக்ஸ் உலகில் எழுதப்பட்ட மிகச் சிறந்த நிறுவல் ஆவணங்களில் ஒன்று. 2023 டிசம்பர் கடைசியில் ஒரு பெரிய மாற்றமும் நடந்தது: ஜென்டூவே ஆயத்த பைனரி தொகுப்புகளைப் பெருமளவில் வழங்கத் தொடங்கியது. முன்பு க்ரோமியம், க்யூட்டி வெப்எஞ்சின், எல்எல்விஎம், ரஸ்ட் இவற்றைக் கம்பைல் செய்ய பழைய லேப்டாப்பில் ஒரு பகலும் இரவும் போகும். இப்போது கனமானவற்றை ஆயத்தமாக எடுத்துக்கொண்டு, நீங்கள் மாற்ற விரும்புவதை மட்டும் கம்பைல் செய்யலாம். புதியவர் இதைப் பயன்படுத்துவதில் எந்தக் குறையும் இல்லை.

நிறுவும்போது வரும் தேர்வுகளில் என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். தொடக்கம் ஸ்டேஜ் 3 என்ற ஆயத்த அடிப்படை சிஸ்டம் தொகுப்பிலிருந்து. பூட் ஆகும்போது சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்க ஓப்பன்ஆர்சியா சிஸ்டம்டியா என்றால், உபுண்டுவில் பழகிய கட்டளைகள் அப்படியே வேண்டும் என்பவர்கள் சிஸ்டம்டி எடுங்கள். பூட் ஆகும்போது நடப்பதை ஷெல் ஸ்கிரிப்டாகத் திறந்து படிக்க விரும்புபவர்கள் ஓப்பன்ஆர்சி எடுங்கள். இரண்டுமே நன்றாக ஓடுகின்றன. கெர்னலில் மட்டும் சமரசம் வேண்டாம்: முதல் முறை ஆயத்தமாக வரும் ஜென்டூ கெர்னல் பைனரியையே போடுங்கள். ஆயிரக்கணக்கான கெர்னல் தெரிவுகளில் உங்கள் டிஸ்க்குக்கான டிரைவரைத் தவறவிட்டால் கணினி பூட் ஆகாது. கெர்னலை நீங்களே கட்டமைப்பதைச் சிஸ்டம் நிலைத்தபின் வைத்துக்கொள்ளலாம். அப்போது பழைய கெர்னல் கைகாவலாக இருக்கும்.

கம்பைலை ஒரே நேரத்தில் எத்தனை வேலைகளாக ஓட்டுவது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு வேலைக்குக் குறைந்தது 2 ஜிபி ரேம். பிராசசரில் எட்டு கோர் இருந்தாலும் 8 ஜிபி ரேம்தான் என்றால் நான்கு வேலைக்கு மேல் போகாதீர்கள். மீறினால் நினைவகம் தீர்ந்து கம்பைல் பாதியில் விழும். புதியவர்களோ மூலநிரலில் பிழை என்று நினைத்து அலைவார்கள். 4 ஜிபி கணினிக்காரர்கள் கனமானவை எல்லாவற்றையும் பைனரியாகவே எடுங்கள்.

வைஃபைக்குத் தேவையான ஃபர்ம்வேர் தொகுப்பின் உரிமத்தை ஜென்டூ தானாக ஏற்காது. நீங்கள் ஒரு வரி எழுதி ஏற்க வேண்டும். நெட்வொர்க் மேனேஜரையும் முதல் ரீபூட்டுக்கு முன்பே நிறுவிவிடுங்கள். மறந்துவிட்டாலும் பயமில்லை. லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து, பார்ட்டிஷனை மவுண்ட் செய்து, சிரூட் வழியாக உள்ளே போய் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முழு நிறுவலையும் மிண்ட் லைவ் யுஎஸ்பியிலிருந்தே செய்யலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு பக்கம் டெர்மினல், மறுபக்கம் பிரவுசரில் கையேடு. இதைவிட வசதி இல்லை.

எந்த வசதி வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லும் யூஸ் ஃப்ளாக்குகள்தான் ஜென்டூவின் உயிர். பிரிண்டர் இல்லாத வீட்டில் கப்ஸ் எதற்கு, புளூடூத் இல்லாத கணினியில் அதன் ஆதரவு எதற்கு என்று ஒவ்வொன்றாக நீக்கலாம். ஆனால் முதல் நாளே நீளமான பட்டியல் எழுதாதீர்கள். உங்கள் ஃப்ளாக்குகள் ஆயத்தத் தொகுப்பின் ஃப்ளாக்குகளோடு பொருந்தினால்தான் அதை எடுக்க முடியும். விலக விலக எல்லாமே கம்பைலுக்குப் போகும். டெஸ்க்டாப் புரொஃபைலைத் தேர்ந்து, ஒரு மாதம் ஓட்டிப் பார்த்து, பிறகு திருத்துங்கள். தமிழ் வேண்டுபவர்கள் எல்10என் அமைப்பில் தமிழைச் சேர்த்தால் ஃபயர்ஃபாக்ஸும் லிப்ரே ஆஃபிஸும் தமிழ் இடைமுகத்தோடு வரும். நோட்டோ போன்ற ஓர் எழுத்துருவையும் நிறுவுங்கள். இல்லாவிட்டால் தமிழுக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள்தான் தெரியும்.

நிறுவியபின் வாரம் ஒருமுறை, முடியாவிட்டால் இரு வாரத்துக்கு ஒருமுறை அப்டேட் செய்யுங்கள். ஆறு மாதம் விட்டுவிட்டு அப்டேட் செய்தால் தொகுப்புகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், அதை அவிழ்ப்பது அனுபவசாலிக்கே சலிப்பூட்டும் வேலை. இந்த அளவு நேரம் ஒதுக்க முடியாதவர்கள் இப்போதைக்கு டெபியனில் இருங்கள். ஒதுக்க முடிந்தவர்கள், பார்ட்டிஷனைத் தொடும் முன் உங்கள் புகைப்படங்களையும் ஆவணங்களையும் வேறு டிஸ்க்கில் நகலெடுத்து வைத்துவிட்டு, ஜென்டூ கையேட்டை ஒருமுறை முழுதாகப் படித்த பிறகு முதல் கட்டளையைத் தட்டச்சு செய்யுங்கள்.